உபாத்தியாயர் சரித்திரம் – 14: ஏப்ரல் முதல் தேதி

ஜட்லாந்து தீபகற்பத்தின் கிழக்குப் புறத்தில், டென்மார்க்கின் மிக நீண்ட ஆறாகிய கூதெனோ தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டு கடற்கழியாக அகலத் தொடங்கும் இடத்தில், ரண்டர்ஸ் என்னும் பட்டணம் இருக்கிறது. 1302-இல் பட்டண உரிமைச் சாசனம் பெற்ற பழைய ஊர் அது. அங்கே பிடிபட்ட சால்மன் மீனாலும், அங்கே தைக்கப்பட்ட தோல் கையுறைகளாலும், பின்னாளில் முறுக்கப்பட்ட கயிறுகளாலும், கட்டப்பட்ட ரயில் பெட்டிகளாலும் அவ்வூர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஆயினும் டேனியக் குழந்தைகள் சரித்திர பாடத்தில் ரண்டர்ஸைச் சந்திப்பது மீனுக்காகவும் அல்ல, கையுறைக்காகவும் அல்ல. 1340-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி இரவில் அங்கே நடந்த ஒரு கொலைக்காக.

அக்காலத்தில் டென்மார்க் தேசம் அடகில் இருந்தது. உவமையாகச் சொல்லவில்லை, கடன்பட்ட அரசர்கள் மாகாணம் மாகாணமாகத் தங்கள் ராஜ்யத்தை ஹோல்ஸ்டைன் பிரபுக்களிடம் ஈடு வைத்து, மீட்க வழியின்றி மாண்டுபோக, எட்டு ஆண்டுக்காலம் அரியணையில் அரசனே இல்லாமல் தேசம் கிடந்தது. ஜட்லாந்தை ஈடாகப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த மூன்றாம் கெர்ஹார்ட் பிரபு ரண்டர்ஸில் தங்கியிருந்த இரவில், நீல்ஸ் எப்பெசென் என்ற சிறு நிலப்பிரபு தன் ஆட்களுடன் நுழைந்து அவனைக் கொன்றார். அவரும் அதே ஆண்டில் போரில் இறந்தார். இன்று பழைய நகர மண்டபத்தின் முன்னே சிலையாக நிற்கிறார். கடன் கொடுத்தவன் ஆள்கிறான் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சரித்திரம் ஐரோப்பாவில் அதிகம் இராது. பள்ளிக்கூடத்துக்குச் செலவாகும் காசு யாருடைய பையிலிருந்து புறப்படுகிறது என்ற ஒரே கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு இத்தனை இதழ்களாக நடந்துவந்த நாம், அந்தச் சிலையடியில் சற்று நிற்பது பொருத்தமே.

அந்தக் கொலைக்கு அறுநூற்று எழுபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 2013-ஆம் ஆண்டின் அதே ஏப்ரல் முதல் தேதியன்று, ரண்டர்ஸ் உட்பட டென்மார்க்கின் எல்லா நகராட்சிகளும் தங்கள் பள்ளி உபாத்தியாயர்களை வெளியே நிறுத்திக் கதவை அடைத்தன. தொழிற்சங்கப் பாஷையில் இதற்குக் கதவடைப்பு என்று பெயர். வேலை செய்ய மறுப்பது தொழிலாளி செய்யும் வேலைநிறுத்தமாயின், வேலை கொடுக்க மறுப்பது முதலாளி செய்யும் கதவடைப்பு. ஆலை முதலாளிகள் கதவடைத்த கதைகள் நமக்குப் பழக்கமானவை. வாக்குச் சீட்டினால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபைகள், தம் ஊர்க் குழந்தைகளின் பள்ளிக்கூடத்தையே, அவ்வாசிரியர்கள் ஒரு நாள்கூட வேலைநிறுத்தம் செய்யாதிருக்கும்போது அடைத்த கதை புதியது. அது எப்படி நேர்ந்தது என்பதை அறிய, இருநூறு ஆண்டுகள் பின்னே போய், உபாத்தியாயருக்குச் சம்பளம் தானியமாக அளக்கப்பட்ட காலத்திலிருந்து தொடங்கவேண்டும்.

1814-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஆறாம் ஃப்ரெடரிக் மன்னர் காலத்தில் வெளியான பள்ளிக்கூடச் சாசனம், ஏழு வயது முதல் கிறிஸ்தவ உறுதிப்பூசுதல் வரையில் எல்லாப் பிள்ளைகளும் கற்றாகவேண்டும் என்று விதித்தது. சாசனம் எழுதுவது மன்னருக்கு எளிது. அதற்கு முந்திய ஆண்டில்தான் டேனிய அரசாங்கம் திவாலாகியிருந்தது. ஆகையால் பள்ளியின் பாரம் அந்தந்தப் பங்கின் விவசாயிகள் தலையில் இறங்கியது. அவர்கள் உபாத்தியாயருக்கு ஒரு வீடு, இரண்டு பசுக்களும் சில செம்மறியாடுகளும் மேயத்தக்க நிலம், பார்லியும் ரை என்னும் புல்லரிசியும் இத்தனை பீப்பாய் என்று அளந்தார்கள். அளக்கும் மரக்காலைச் சரியாகப் பிடிக்கிறவர்களும் இருந்தார்கள், சாய்த்துப் பிடிக்கிறவர்களும் இருந்தார்கள். நம் கிராமங்களில் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அறுவடைக் களத்தில் நெல் அளந்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விவரிக்கவேண்டியதில்லை. களத்துமேட்டில் கைகட்டி நிற்கிற வாத்தியார் எந்தப் பெரிய விவசாயியின் பிள்ளையைப் பிரம்பால் தொடுவார்?

அந்த வாத்தியாருக்கு முந்திய பரம்பரை ஒன்றும் உண்டு. மாதாகோவிலில் மணியடித்து, பாட்டுக்குக் குரல் கொடுத்து, பாதிரியாருக்கு எடுபிடியாகவும் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக் கொடுப்பவராகவும் இருந்த ‘டெய்ன்’ என்னும் கோவிற்பணியாளர்தான் டேனிய நாட்டுப்புற ஆசிரியரின் மூதாதை. ரண்டர்ஸ் லத்தீன் பள்ளியில் படித்து, பின்பு சிறிது காலம் அங்கேயே போதித்த ஸ்டேன் ஸ்டேன்ஸன் ப்ளிக்கர் என்ற எழுத்தாளர், 1824-இல் அத்தகைய கிராமத்து டெய்ன் ஒருவனின் நாட்குறிப்பு வடிவத்தில் ஒரு கதை எழுதினார். டேனியச் சிறுகதை இலக்கியம் அதிலிருந்தே தொடங்குகிறது என்பார்கள். அடுத்த ஆண்டு அவரே ரண்டர்ஸுக்கு வடக்கிலுள்ள ஸ்பென்ட்ரூப் கிராமத்துக்குப் பாதிரியாராகப் போனார்; அதாவது, உபாத்தியாயர்களை மேற்பார்வையிடும் இடத்தில் அமர்ந்தார். ஏழை வாத்தியாரை எழுத்தில் அழியாதவராக்கிய பேனாவே, பள்ளிக்கூடத் தணிக்கைப் புத்தகத்தில் கையொப்பமிட்டது. பாதிரிமார்களின் அந்த மேற்பார்வை அதிகாரம் 1933 வரை நீடித்தது என்பதை நினைத்தால், டேனிய ஆசிரியர்கள் தங்கள் சங்கத்தை ஏன் அவ்வளவு வைராக்கியத்தோடு பற்றிக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

இங்கே நமக்கு உறவான ஒரு சங்கதியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. சென்னை எழும்பூரில் ராணுவ அநாதை ஆண்பிள்ளைகள் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதையும், சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவதையும் கண்டு, அதையே ஒரு முறையாக்கி 1797-இல் லண்டனில் புத்தகம் போட்டார். லங்காஸ்டர் என்பவரும் அதே வழியில் இறங்க, பெல்–லங்காஸ்டர் முறை என்று அது ஐரோப்பா முழுதும் பரவியது. நெப்போலியன் வீழ்ந்தபின் பிரான்ஸில் முகாமிட்டிருந்த டேனியப் படையுடன் இருந்த ஆப்ரஹாம்ஸன் என்ற ராணுவ அதிகாரி அம்முறையைக் கண்டு ஊருக்குக் கொண்டுவந்தார். மன்னர் அதற்கு முழு ஆதரவளித்தார். காரணம் ரகசியமானதல்ல. ஒரே உபாத்தியாயர், சட்டாம்பிள்ளைகள் சிலரின் துணையோடு, நூறு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கலாம், சம்பளம் ஒருவருக்குத்தான். திவாலான அரசாங்கத்துக்கு இதைவிட இனிய போதனாமுறை ஏது? தரங்கம்பாடியில் அப்போதும் டேனியக் கொடி பறந்துகொண்டிருக்க, 1845-இல்தான் ஆங்கிலேயரிடம் அது விற்கப்பட, நம் திண்ணையிலிருந்து புறப்பட்ட வித்தை சென்னை, லண்டன், பிரான்ஸ் என்று சுற்றி, பால்டிக் கடலோரத்துக் குளிரில், சிக்கன நடவடிக்கையாகப் போய் இறங்கியது. நம்மிடம் அது குருகுல மரபாக இருந்தது. அங்கே அது வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரியாயிற்று. சில பத்தாண்டுகளில் டேனியர்கள் அதைக் கைவிட்டார்கள். ஆனால் குறைந்த ஆசிரியரைக் கொண்டு அதிகப் பாடம் நடத்த முடியும் என்னும் ஆசையை மட்டும் ஆள்பவர்கள் கைவிடவில்லை.

தனித்தனியே சிதறிக்கிடந்த வட்டாரச் சங்கங்கள் 1874-இல் டென்மார்க் ஆசிரியர் சங்கமாக ஒன்றுகூடின. 1883-இல் ‘ஃபோல்கெஸ்கோலெ’, அதாவது மக்கள் பள்ளி என்ற பெயரில் அதன் பத்திரிகை பிறந்தது. பொதுப்பள்ளிக்கும் அங்கே அதுவே பெயர். அரசியலில் அக்காலம் விவசாயிகளின் வெந்ஸ்த்ர கட்சிக்கும் நிலப்பிரபுக்களின் வலதுசாரிகளுக்கும் கடும் போர் நடந்த காலம். கோதாவில் விவசாயிகளின் பக்கத்தில் நின்று சிலம்பம் சுழற்றியவர்களில் பாதிப்பேரைக் கவனித்துப் பார்த்தால், அவர்கள் வாத்தியார்களாக இருப்பார்கள். எதிர்க்கட்சித் தலைவராயிருந்து சிறைசென்ற கிறிஸ்டன் பெர்க் ஆசிரியர். சுதந்திரப் பள்ளி நடத்திய க்ளௌஸ் பெர்ன்ட்ஸன் 1910-இல் பிரதம மந்திரியானார். இவ்விருவரிலும் விசித்திரமானவர் ஜே. சி. கிறிஸ்டென்ஸன். மேற்கு ஜட்லாந்தில் ஸ்டாடில் என்னும் குக்கிராமத்தில் 1886 முதல் உபாத்தியாயராயிருந்தவர், அந்த வேலையை விடாமலே 1890-இல் பாராளுமன்றம் புகுந்து, 1901-இல் மன்னர் முதன்முதலாக மக்கள் சபையின் பெரும்பான்மைக்குப் பணிந்து மந்திரிசபை அமைத்தபோது, ஸ்டாடில் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கல்வி மந்திரி ஆசனத்துக்குப் போனார். 1905-இல் பிரதம மந்திரி. கரும்பலகைச் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்த கை நான்கே ஆண்டில் ராஜ்ய முத்திரையைப் பிடித்த கதை நம் பக்கத்தில் நடந்திருந்தால் இதற்குள் அது நாடகமாகியிருக்கும்.

ஆனால் நான் வற்புறுத்த விரும்புவது அந்த உச்சத்தையன்று. அக்காலத்து ஆசிரியர் அரசியலின் முகம் கோபன்ஹேகனைப் பார்த்தே திரும்பியிருந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சம்பளத்தின் அளவைச் சட்டம் நிர்ணயித்தது. அதன் பெரும்பகுதியை நகராட்சிக்கும் கிராமசபைக்கும் அரசாங்கமே திருப்பிக் கொடுத்தது. உபாத்தியாயர் அரசு முறைமைக்குட்பட்ட உத்தியோகஸ்தர். வேலைநிறுத்த உரிமை அவருக்கு இல்லை, ஆனால் வேலை பறிபோகும் பயமும் இல்லை. உள்ளூர் நகரசபையோடு அவர் வாதாடியது பெரும்பாலும் கட்டடக் கூரை, விறகு, கரும்பலகை இவற்றைப் பற்றியே. கோரிக்கை பெரிதானால் சங்கத்தின் பிரதிநிதிகள் தலைநகருக்கு ரயிலேறினார்கள்.

இது மாறியது இரண்டு படிகளில். இரண்டும் ஏப்ரல் முதல் தேதியில். அதில் மர்மம் ஒன்றுமில்லை. நம்மைப் போலவே டேனியர்களும் நெடுங்காலம் ஏப்ரல் முதல் மார்ச் வரையே நிதியாண்டு கணக்கிட்டார்கள். பிற்பாடு நிதியாண்டை மாற்றிய பின்பும் கூட்டு ஒப்பந்தங்கள் பழைய நாளிலேயே முடிந்து பழைய நாளிலேயே தொடங்குகின்றன. 1970 ஏப்ரல் முதல் தேதி, ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த சிறு ஊராட்சிகள் இருநூற்று எழுபத்துச் சொச்சம் நகராட்சிகளாகத் திரட்டப்பட்டன. அந்தப் பத்தாண்டில், ‘ஆசிரியர் சம்பளத்துக்கு இவ்வளவு’ என்று குறித்து வந்த அரசாங்கப் பணம், ‘எடுத்துக்கொள், உன் இஷ்டம்போல் செலவழி’ என்னும் மொத்த மானியமாகப் படிப்படியாக மாறியது. பிறகு 1993 ஏப்ரல் முதல் தேதி: அதன்பின் வேலைக்கு வரும் உபாத்தியாயர் அரசு முறைமைக்குட்பட்ட உத்தியோகஸ்தர் அல்லர், நகராட்சியோடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்ட ஊழியர். அவருக்கு வேலைநிறுத்த உரிமை கிடைத்தது. எதிர்தரப்புக்கு அதன் மறுபாதியான கதவடைப்பு உரிமையும் கிடைத்தது. அத்தேதிக்கு முன் நியமனமானவர்கள் மட்டும் பழைய முறையிலேயே இருக்க அனுமதிக்கப்பட்டார்கள். புதிதாக யாரும் சேர முடியாத அந்தத் தொகுதிக்கு ‘மூடப்பட்ட குழு’ என்றே டேனிய மொழியில் பெயர். இவர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இதே காலத்தில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. ஜில்லா போர்டு காலத்திலும், பின்பு ஊராட்சி ஒன்றியங்கள் காலத்திலும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் உள்ளூர்த் தலைவரின் கைப்பிள்ளையாக இருந்தார். தேர்தல் முடிந்த மறுமாதம் யார் எந்த மலையடிவாரத்துக்கு மாற்றப்படுவார் என்பதை வாக்கு எண்ணிக்கையே சொல்லிவிடும். அதிலிருந்து விடுதலை வேண்டும், எங்களை அரசாங்க ஊழியராக்குங்கள் என்று சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் மன்றாடின. 1981 ஜூன் முதல் தேதியில் எம்.ஜி.ஆர். அரசு ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்களை அரசு ஊழியராக்கியது. உள்ளூர்க் கொடுமை தீர்ந்தது உண்மை. ஆனால் அன்று முதல் எங்கள் பக்கத்து ஒன்றியத் தலைவருக்குப் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகுவதும் ஒன்றுதான், ஒழுகாததும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது; ஆசிரியரின் அரசியல் முழுவதும் சென்னைக் கோட்டை வாசலுக்குக் குடிபெயர்ந்தது. 2003 ஜூலையில் அந்த ஒற்றை வாசலில் மோதியபோது என்ன ஆயிற்றென்றால், அரசு ஊழியரும் ஆசிரியருமாகச் சுமார் 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்குச் சட்டப்படியும் தார்மிகப்படியும் உரிமையில்லை என்று அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாம் ஊரிலிருந்து கோட்டைக்கு ஓடினோம். டேனியர்களைக் கோட்டையிலிருந்து ஊருக்குத் தள்ளினார்கள். இரண்டிலும் வாத்தியார் எங்கே போய் நின்றார் என்பதை அவர் கொள்கை தீர்மானிக்கவில்லை. சம்பளப் பட்டியலில் கையெழுத்திட்டவர் யார் என்பதே தீர்மானித்தது.

2007-இல் டென்மார்க்கின் நகராட்சிகள் மறுபடியும் கலைத்துக் கூட்டப்பட்டு, 271 என்பது 98 ஆகக் குறைந்தது. லாங்கோ, நோர்ஹால், பூர்ஹூஸ் முதலான அக்கம்பக்கத்து நகராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு பெரிய ரண்டர்ஸ் நகராட்சி உருவாயிற்று. ப்ளிக்கரின் ஸ்பென்ட்ரூப் இப்போது அதற்குள்ளேதான். ஆலைத் தொழிலாளர் நிறைந்திருந்த அப்பட்டணம் நீண்டகாலம் சமூக ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 2001 நவம்பர் தேர்தலில் வெந்ஸ்த்ர கட்சியின் இருபத்தைந்து வயது இளைஞரான மிக்கேல் ஓஸ்ட்ரூப் யென்ஸன் அதைப் பிடித்து மேயரானதும், அடுத்த தேர்தலில் கோட்டை திரும்பக் கைமாறியதும் அந்நாட்டில் பெரிய செய்திகள். குளிர்தேசத்தார் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் வெப்பமண்டலக் காடு வளர்த்து அதைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிற ஊரும் இதுவே. நம் ஊர்ப் பல்லியையும் மரத்தையும் பார்க்க அவர்கள் டிக்கெட் வாங்குகிறார்கள்!

இத்தகைய ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பணம் எப்படி வருகிறதென்று பார்ப்போம். குடிமகனின் வரிக்குரிய வருமானத்தில் ஏறத்தாழக் கால்பங்கை நகராட்சியே வரியாக வாங்குகிறது. அதனோடு அரசாங்கத்தின் மொத்த மானியமும், பணக்கார நகராட்சியிலிருந்து ஏழை நகராட்சிக்குப் போகும் சமப்படுத்தும் நிதியும் சேர்கின்றன. ஆனால் மொத்தத்தில் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை ஒவ்வொரு கோடையிலும் நிதி மந்திரியும் நகராட்சிகளின் தேசியச் சங்கமும் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள். வரம்பு மீறினால் மானியம் வெட்டப்படும். ஆகவே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ரண்டர்ஸ் நகரசபையின் 31 அங்கத்தினர்களும் வரவுசெலவுத் திட்டத்தை விவாதிக்கும்போது, அவர்கள் பங்கு போடுவது ஏற்கெனவே அளந்து கொடுக்கப்பட்ட சோற்றைத்தான். முதியோருக்கு ஒரு கவளம் கூட்டினால் பள்ளியிலிருந்து ஒரு கவளம் குறையவேண்டும். இந்தப் பந்தியில்தான் வட்டார ஆசிரியர் சங்கம் தன் அரசியலைச் செய்கிறது. திட்டத்தின் நகல் ஆலோசனைக்கு விடப்படும்போது எழுத்து மூலமான மறுமொழி கொடுப்பது, கூட்டு ஆலோசனைக் குழுக்களில் உட்கார்வது, பெற்றோர் பெரும்பான்மையாயுள்ள பள்ளி நிர்வாகக் குழுக்களை விழிப்பூட்டுவது, தேர்தலுக்கு முன் வேட்பாளர்களை மேடைக்கு அழைத்துப் பிள்ளைக்கு இத்தனை என்று தருவீர்களா, வகுப்புக்கு இத்தனை என்று தருவீர்களா என்று எல்லோர் முன்னும் கேட்பது. நகராட்சியிடம் சம்பளம் வாங்கும் ஆசிரியரே அந்த நகரசபைக்குப் போட்டியிட்டு உட்காரலாம் என்பது, தேர்தலில் நிற்க வேலையை ராஜிநாமா செய்தாகவேண்டிய நம் ஆசிரியர்களுக்குக் கதைபோல் இருக்கும். தன் சொந்த லாபம் சம்பந்தப்பட்ட விஷயம் வரும்போது மட்டும் அவர் எழுந்து வெளியே போகவேண்டும்.

பிள்ளைக்கா, வகுப்புக்கா என்ற அந்தக் கேள்வி கணக்கப்பிள்ளையின் வெறும் நுணுக்கமன்று. ஒரு வகுப்பில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால், 26 பேர் உள்ள பட்டணத்து வகுப்பு செழிக்கும். 13 பேர் உள்ள கிராமத்து வகுப்பு பட்டினி கிடக்கும், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே ஓர் ஆசிரியர் வேண்டும். இதனால்தான் பல கிராமப் பள்ளிகள் மெதுவாக மூச்சு முட்டி, பிறகு ‘பிள்ளைகள் போதவில்லை’ என்ற காரணத்தால் மூடப்படுகின்றன. பள்ளியை மூடுவதானால் அவ்வாண்டு மார்ச் முதல் தேதிக்குள் நகரசபை முடிவெடுத்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே டேனிய கிராமங்களில் பனிக்காலத்தின் கடைசி மாதங்களே கண்டனக் கூட்டங்களின் பருவம். மூடியபின் மற்றொரு வேடிக்கை நடக்கும். டேனிய அரசியல் சட்டம் கல்வியைத்தான் கட்டாயமாக்குகிறது, பள்ளிக்கூடத்தையல்ல; ஆகையால் கிராமத்தார் கூடி, மூடிய பள்ளிக்குப் பதிலாகச் சுதந்திரப் பள்ளி ஒன்றைத் தொடங்கினால், அதன் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் மானியமாகத் தரும், அதற்கு நகராட்சியும் தன் பங்கைச் செலுத்தவேண்டும். மிச்சம் பிடிக்கவென்று அடைத்த மடையின் பக்கத்திலேயே வேறொரு வாய்க்கால் ஓடத்தொடங்குகிறது.

இனி 2013. அவ்வருஷம் மார்ச் 31-உடன் பழைய கூட்டு ஒப்பந்தம் முடிகிறது. அதுவரை ஓர் ஆசிரியர் எத்தனை பாடம் எடுப்பார், தயாரிப்புக்கு எவ்வளவு நேரம் என்பவற்றைச் சங்கத்தோடு பேசித்தான் முடிவு செய்யவேண்டியிருந்தது. மற்ற ஊழியரைப் போல ஆசிரியருடைய நேரத்தையும் தலைமை அதிகாரியே பங்கிடுவார், சங்கத்தின் சம்மதம் தேவையில்லை என்று நகராட்சிகளின் தேசியச் சங்கம் பிடிவாதமாக நின்றது. அதன் சார்பில் பேசியவர் கோபன்ஹேகனுக்கு அருகிலுள்ள ஒரு நகராட்சியின் மேயரான மிக்கேல் ஸீக்ளர். ஆசிரியர் சார்பில், அந்தர்ஸ் பொண்டோ கிறிஸ்டென்ஸன். பிரதம மந்திரி ஹெல்லெ டோர்னிங்-ஷ்மித்தின் அரசாங்கம் அதே சமயத்தில் பள்ளி நாளை நீட்டும் சீர்திருத்தம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. நீண்ட நாளுக்கு வேண்டிய கூடுதல் பாடவேளைகள், ஆசிரியர் ஒவ்வொருவரும் அதிகம் கற்பிப்பதால் கிடைக்க வேண்டும். ஆகவே மேஜையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நகராட்சிகள் மட்டுமல்ல, பின்னால் நிதியமைச்சகமும் நிற்கிறது என்பது சங்கத்தின் குற்றச்சாட்டு. அரசாங்கம் அதை மறுத்தது. எழும்பூரிலிருந்து போன சட்டாம்பிள்ளை முறையை அறிந்த நமக்கு, ஆள் கூட்டாமல் பாடம் கூட்டும் கணக்கு எங்கேயோ கேட்ட குரலாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஏப்ரல் முதல் தேதி அவ்வருஷம் ஈஸ்டர் திங்கட்கிழமை. ஆகையால் கதவடைப்பின் முதல் நாளில் அடைக்கக் கதவே திறந்திருக்கவில்லை. விடுமுறை முடிந்த மறுநாள் காலையில்தான் தேசம் அதை உணர்ந்தது. 60,000-க்கு மேற்பட்ட ஆசிரியர்கள் வெளியே. 5,00,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியில்லாமல். தாய்தந்தையர் பிள்ளைகளை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். பாட்டனார் பாட்டியார் வீட்டுக்கு அனுப்பினார்கள். சம்பளம் நின்றுபோன ஆசிரியர்கள் தாங்கள் உள்ளே போக விரும்புவதாகவும் நகராட்சிகள் விட மறுப்பதாகவும் பதாகை பிடித்துப் பட்டணத்துச் சதுக்கங்களிலும், கோபன்ஹேகனில் பாராளுமன்ற முற்றத்திலும் நின்றார்கள். இதனிடையே பள்ளிக் கட்டடங்கள் முற்றும் காலியாயில்லை. முன்னே ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அந்த ‘மூடப்பட்ட குழு’: 1993-க்கு முன் நியமனமாகி, அரசு முறைமையிலேயே இருந்துவிட்ட மூத்த ஆசிரியர்கள். அவர்களைக் கதவடைக்கச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த அந்த ஆண்களும் பெண்களும் காலையில் வந்து, தங்கள் பாடவேளைக்கு மட்டும் பாடம் நடத்தி, மிச்ச நேரத்தில் வெறிச்சோடிய ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே அவர்களிடமே படித்து வாத்தியாரானவர்கள் நின்றிருக்கலாம். ஒரு சம்பளச் சட்டத்தின் தேதி எப்படி ஒரு தலைமுறையை இரண்டாக வகிர்ந்துவிடுகிறது என்பதைக் காட்ட, அந்த அறையைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது.

சாதாரணமாக வேலைப்போரில் இருதரப்புக்கும் நஷ்டம் ஏறிக்கொண்டே போகும்; அந்த வலிதான் சமரசத்தைப் பிறப்பிக்கும். இங்கே ஆலைமுதலாளிக்கு நேரும் நஷ்டம் நகராட்சிக்கு நேரவில்லை. வரி வழக்கம்போல் வசூலாயிற்று, சம்பளம் கொடுக்கவேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பெட்டியில் பணம் மிஞ்சியது! மிஞ்சியதை என்ன செய்வது என்பதே பின்பு நகரசபைகளில் விவாதப் பொருளாகி, அது பள்ளிக்கே திரும்பவேண்டும் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கலானார்கள். தாழ்ப்பாள் போட்டவனுக்கு லாபம், வெளியே நின்றவனுக்கு நஷ்டம், கல்வி இழந்த மூன்றாமவருக்கு வாக்குரிமையே இல்லை. இப்படிப்பட்ட போர் பேச்சுவார்த்தையில் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தால் அவர்கள் நல்லவர்கள். ஏப்ரல் 26-ஆம் தேதி பாராளுமன்றம் 409-ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றிக் கதவடைப்பை முடித்து வைத்தது. நேரப் பங்கீட்டில் நகராட்சிகள் கேட்டதில் முக்கியமானவை சட்டமாயின. திங்கட்கிழமை பள்ளி திறந்தது. 2014 ஆகஸ்டில் புதிய வேலைநேர விதிகளும் நீண்ட பள்ளி நாளும் ஒன்றாக அமலுக்கு வந்தன. சமூக ஜனநாயகவாதி ஒருவர் தலைமை வகித்த, தொழிற்சங்கங்களின் பிறந்த வீட்டுக் கட்சி ஆண்ட காலத்தில் இது நடந்தது என்பதை டேனிய ஆசிரியர்கள் இன்றும் மறக்கவில்லை.

அந்தச் சட்டத்தில், இயற்றியவர்கள் அவ்வளவாக எண்ணிப்பார்த்திராத ஒரு விளைவு ஒளிந்திருந்தது. வேலைநேரத்தைப் பற்றித் தேசம் முழுவதுக்கும் பொதுவான ஒப்பந்தம் இல்லாமற்போனதால், ஊருக்கு ஊர் தனியாகப் பேசிக்கொள்ளும் வழி பிறந்தது. சில நகராட்சிகள் சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன; சில, உள்ளூர் ஆசிரியர் சங்கத்தை மெல்ல அழைத்துத் தயாரிப்பு நேரத்துக்கும் பாடவேளைக்கும் தமக்குள் ஓர் உடன்பாடு எழுதிக்கொண்டன. கையொப்பமிட்ட ஊருக்கு ஆசிரியர் வந்தார்கள், இடாத ஊரிலிருந்து போனார்கள். ஆசிரியர் தட்டுப்பாடு நாளுக்கு நாள் தெரியலாயிற்று. தலைநகரில் தோற்ற சங்கம் ஊர் மன்றங்களில் உயிர் பிழைத்தது. 1886-இல் ஸ்டாடில் கிராமத்திலிருந்து பாராளுமன்றத்தைப் பார்த்த வாத்தியாரின் பேரப்பிள்ளைகள், இப்போது பாராளுமன்றத்தை விட்டுவிட்டு நகரசபையின் கல்விக் குழுவைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

ரண்டர்ஸில் 2013 நவம்பர் தேர்தலுக்குப் பின் மேயர் பதவி வெந்ஸ்த்ர கட்சியின் க்ளௌஸ் ஓமன் யென்ஸனுக்குப் போயிற்று. 2018-இல் சமூக ஜனநாயகக் கட்சியின் டோர்பென் ஹான்ஸனுக்குத் திரும்பியது. ஆட்கள் மாறினார்கள், கோடையில் வரம்பு, செப்டம்பரில் நகல், அக்டோபரில் கடைசி வாசிப்பு என்ற பஞ்சாங்கம் மாறவில்லை. கட்சி எதுவாயினும் பள்ளிக்கூடத்துக்குப் பகை என்று எவரும் மேடையில் பேசமாட்டார்கள் என்பதால், வட்டாரச் சங்கத்தார் மேடைப் பேச்சைக் கேட்பதைவிட அட்டவணையின் கடைசிப் பத்தியைப் படிப்பதையே தொழிலாகக் கற்றுக்கொண்டார்கள். ‘பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்பத் திருத்தம்’ என்று அடக்கமாக அச்சிட்ட ஒரு வரியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் மறைந்து கிடக்கிறது என்று கண்டுபிடித்து, அதைக் குடிமக்களின் பாஷையில் எடுத்துச் சொல்வது கவிதை எழுதுவதைப் போன்ற கலை. நம் சங்கத் தலைவர்களில் அக்கலை தெரிந்தவர்கள் சிலரே. ஊர்வலம் நடத்தத் தெரிந்தவர்கள் பலர்.

ஏழு ஆண்டுகள் வேலைநேர ஒப்பந்தமே இல்லாமல் கழிந்தபின், 2020-இல் இருதரப்பும் புதிய ஒப்பந்தத்துக்கு இணங்கின. அந்தர்ஸ் பொண்டோ கிறிஸ்டென்ஸன் அதே ஆண்டில் சங்கத் தலைமையிலிருந்து விலகினார். 2021 ஆகஸ்டு முதல் தேதியில் அந்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அதன்படி நகராட்சி ஒவ்வொரு வருஷமும், அடுத்த பள்ளியாண்டில் பள்ளிக்கூடங்களுக்கு எதை முக்கியமாகக் கருதுகிறது, ஆசிரியரின் நேரத்தை எதெதற்குச் செலவிடப்போகிறது என்பதை வட்டார ஆசிரியர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்து, அழைத்து உட்காரவைத்துப் பேசவேண்டும். பள்ளிதோறும் தலைமையாசிரியர் ஒரு திட்டம் எழுதி ஆசிரியர்கள் முன் வைக்கவேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் அவருடைய பணிகளின் பட்டியல் தரப்படவேண்டும். கலந்து பேசுவது எப்படி என்பதற்கு அத்தனை பக்கங்கள். ஓர் ஆசிரியர் வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை பாடவேளை எடுக்கலாம் என்று தேடிப் பார்த்தால், அந்த எண் மட்டும் அதில் எழுதப்படவில்லை.

(தொடரும்)